மானிட்டரிங் சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் அலர்ட் எல்லாம் மறந்துபோகிறது

தேவகோட்டை | 14 ஜூன் 2025, இரவு 9.40

நாகியோஸ் (சர்வர்களைக் கண்காணிக்கும் மென்பொருள்) ஒரு பழைய டெஸ்க்டாப்பில் ஓடுகிறது. 22 ஹோஸ்ட் (மெஷின்), 140 சர்வீஸ் (அவற்றில் சோதிக்கும் விஷயங்கள்). கரண்ட் போய் வந்தால் மெஷின் ரீஸ்டார்ட் ஆகிறது. உடனே எல்லாம் "பெண்டிங்" என்று வெறுமையாகி, ஒவ்வொன்றாக மறுபடி சிவப்பாகிறது. நேற்றே பார்த்து அக் (பார்த்துவிட்டேன் என்ற குறி) போட்டு வைத்த டிஸ்க் அலர்ட் முதற்கொண்டு எல்லாம் டெலிகிராம் குழுவில் புதுசு போல வந்து கொட்டுகிறது. என் யோசனை: பூட் ஆனதும் அரை மணி நேரம் நோட்டிஃபிகேஷனை நிறுத்திவைக்க ஒரு ஸ்கிரிப்ட் போட்டால் போதும். சரிதானே?

காரைக்குடி | 14 ஜூன், இரவு 10.25

சரியில்லை தம்பி. கரண்ட் வந்த பிறகு எழுந்திருக்காத சர்வர் எது என்பதுதான் அன்றைக்கு உனக்கு வேண்டிய முக்கியமான தகவல். அது அந்த அரை மணி நேரத்துக்குள்தான் வரும். அந்த நேரத்தில் வாயைக் கட்டினால் மானிட்டர் வைத்ததற்கே பயனில்லை.

மறந்துபோவது ஒரே பொருள் இல்லை, மூன்று. ஒன்று, அலர்ட்டின் நிலை: பச்சையா, மஞ்சளா, சிவப்பா. இரண்டு, அது எப்போதிலிருந்து அப்படி இருக்கிறது. மூன்று, அதைப் பற்றி மனிதர்கள் என்ன செய்தார்கள்: அக் போட்டார்களா, டவுன்டைம் (முன்பே அறிவித்த நிறுத்த நேரம்) கொடுத்தார்களா, மெசேஜ் ஏற்கெனவே போய்விட்டதா. ஒவ்வொரு மென்பொருளும் இந்த மூன்றையும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நேரத்தில் எழுதிவைக்கிறது. எது தொலைகிறது என்று பார்த்தால்தான் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும். உனக்கு மூன்றும் சேர்ந்து தொலைகிறது. அப்படியானால் நிலையைச் சேமிக்கும் கோப்பே படிக்கப்படவில்லை.

இதைப் பார்த்துச் சொல். அமைப்பு வரிகளைத் தமிழெழுத்தில் தருகிறேன், அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

நாகியோஸ்.சிஎஃப்ஜி கோப்பில் ரீடெய்ன்_ஸ்டேட்_இன்ஃபர்மேஷன்=1 என்று இருக்கிறதா? ஸ்டேட்_ரிடென்ஷன்_ஃபைல் எந்தப் பாதையைக் காட்டுகிறது? அந்தப் பாதையில் ரிடென்ஷன்.டாட் இருக்கிறதா, கடைசியாக எழுதப்பட்ட நேரம் என்ன? அந்த டைரக்டரியில் நாகியோஸ் யூசருக்கு எழுதும் உரிமை உண்டா? கோப்புக்கு மட்டும் உரிமை இருந்தால் போதாது. தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகு பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைப்பதுதான் அதன் வழக்கம்.

தேவகோட்டை | 15 ஜூன், காலை 7.10

=1 என்றுதான் இருக்கிறது அண்ணே. கோப்பு இருக்கிறது, உரிமையும் சரி. ஆனால் டைரக்டரியே ராம் டிஸ்க்கில் (கரண்ட் போனால் அழிந்துபோகும் இடம்) இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் தேயாமலிருக்க முன்பு இருந்தவர் மாற்றியிருக்கிறார் போல.

காரைக்குடி | 15 ஜூன், காலை 7.32

அதுதான். ஸ்டேட்டஸ்.டாட் (திரையில் காட்டும் நடப்பு நிலை) கோப்பை ராம் டிஸ்க்கில் வைப்பது நல்ல பழக்கம்தான். அது பத்து விநாடிக்கு ஒருமுறை எழுதப்படும், நாகியோஸ் நின்றால் அழிந்துவிடும், அதை யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை. ரிடென்ஷன்.டாட் வேறு. அது டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே டைரக்டரியில் பார்த்துவிட்டு மொத்தமாகத் தூக்கி ராமில் போட்டுவிடுகிறார்கள், இது பல இடத்தில் நடக்கும் தவறு.

மாற்றும் வரிசை முக்கியம். முதலில் நாகியோஸை நிறுத்து. நிற்கும்போது கடைசி நிலையை எழுதிவிட்டுத்தான் நிற்கும். எழுதிய கோப்பை டிஸ்க்கில் புதிய இடத்துக்கு நகல் எடு, உரிமையாளரை நாகியோஸ் யூசராக்கு, பாதையை மாற்று, பிறகு தொடங்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது நகல் எடுத்தால் பழைய பிரதிதான் கிடைக்கும். அதேபோல, ஓடும்போது அந்தக் கோப்பைத் திறந்து கையால் திருத்தினாலும் வீண். நிற்கும்போது அது தன் நினைவில் உள்ளதை உன் திருத்தத்தின் மேல் எழுதிவிடும்.

காரைக்குடி | 15 ஜூன், காலை 7.50

விட்டுப்போனது. ரிடென்ஷன்_அப்டேட்_இன்டர்வல் இயல்பாக 60. நிமிடக் கணக்கு. ஒழுங்காக நிறுத்தினால் உடனே எழுதும், இல்லாவிட்டால் மணிக்கு ஒருமுறைதான். நம்மூரில் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. 10.00 மணிக்கு எழுதியது, 10.20க்கு நீ அக் போட்டாய், 10.50க்கு இன்வெர்ட்டர் உட்கார்ந்தது என்றால் அந்த அக் போயிற்று. 5 என்று வை. 140 சர்வீஸுக்கு அந்தக் கோப்பு சில நூறு கேபிதான் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை எழுதுவதால் எந்த டிஸ்க்கும் தேய்ந்துவிடாது. 0 என்று மட்டும் வைத்துவிடாதே, அப்படி வைத்தால் நிறுத்தும்போது மட்டுமே எழுதும்.

தேவகோட்டை | 15 ஜூன், இரவு 8.05

மாற்றிவிட்டேன். ரீஸ்டார்ட் கொடுத்தேன், நிலைகள் அப்படியே வந்தன. அக் இருக்கிறது. ஆனால் அக் போடும்போது எழுதிய குறிப்பு காணவில்லை. அந்த ஸ்கிரிப்ட்டையும் வைத்திருக்கிறேன், இருந்துவிட்டுப் போகட்டும் என்று.

காரைக்குடி | 15 ஜூன், இரவு 8.40

குறிப்பு: அக் போடும் பக்கத்தில் "பெர்சிஸ்டென்ட்" என்று ஒரு பெட்டி உண்டு. அதில் டிக் இல்லையென்றால் அடுத்த ரீஸ்டார்ட்டில் குறிப்பு அழியலாம், அக் மட்டும் நிற்கும். எப்போதும் டிக் போடு. யார், ஏன் அக் போட்டார் என்று தெரியாத அக்கை இரவு 2 மணிக்குப் பார்ப்பவர் என்ன செய்வார்?

ஸ்கிரிப்ட்டை இன்றைக்கே எடுத்துவிடு. காரணம், யூஸ்_ரீடெய்ன்ட்_புரோகிராம்_ஸ்டேட்=1 என்று ஒரு வரி இருக்கிறது. நோட்டிஃபிகேஷன் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்ற நிலையையும் அது ரிடென்ஷன்.டாட்டில் சேமிக்கிறது. இதுவரை கோப்பு ராமில் இருந்ததால் தப்பித்தாய். இனி நடப்பதைப் பார்: பூட் ஆகிறது, ஸ்கிரிப்ட் நோட்டிஃபிகேஷனை மூடுகிறது, ஐந்தாவது நிமிடம் "மூடியது" என்று கோப்பில் பதிவாகிறது, இருபதாவது நிமிடம் மறுபடி கரண்ட் போகிறது. அடுத்த முறை எழும்போது மூடிய நிலையிலேயே எழும். உன் ஸ்கிரிப்ட் மறுபடி ஓடிக் கடைசியில் திறந்துவிட்டால் பிழைத்தாய். நடுவில் அது செத்தால் யாருக்கும் ஒரு மெசேஜும் வராது, பார்த்தால் எல்லாம் நலமாக இருப்பது போலவே இருக்கும். சிஎஃப்ஜி கோப்பில் எனேபிள்_நோட்டிஃபிகேஷன்ஸ்=1 என்று இருப்பதைப் பார்த்துத் திறந்திருக்கிறது என்று நம்பவும் கூடாது. சேமித்த நிலை இருக்கும்போது அந்த வரிக்கு மதிப்பில்லை. வெப் பக்கத்தில்தான் மாற்ற வேண்டும்.

காரைக்குடி | 17 ஜூன், மாலை 6.15

என் முதல் குறிப்பில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அது எல்லாவற்றையும்விட முக்கியம். நிலையைச் சேமிப்பது பாதி வேலைதான். சேமித்ததை எந்த அளவு நம்புவது என்பது மறுபாதி.

கிட்டங்கியில் (செட்டியார்கள் தொழில் நடத்திய இடம்) பழைய மேலாள் கணக்கை ஒப்படைத்துப் புதிய மேலாள் உட்காரும்போது முன்னிருப்பைப் பேரேட்டில் எடுத்தெழுதுவார்கள். ஆனால் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. இங்கேயும் அப்படித்தான். சேமித்த நிலை முன்னிருப்பு, முதல் செக் (எழுந்ததும் ஓடும் முதல் சோதனை) பெட்டியை எண்ணுவது.

சேமித்த சிவப்பு தவறாக இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. முதல் செக்கில் பச்சையாகி ஒரு ரெக்கவரி மெசேஜ் வரும். சேமித்த பச்சை தவறாக இருந்தால்தான் ஆபத்து. மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்து எழுந்த பிறகும் திரையில் 140ம் பச்சையாக நிற்கும், அவற்றில் பலவற்றை இன்னும் யாரும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் செக்குகளுக்கு இது தானாகச் சரியாகிவிடும். இரண்டு வகைதான் கவலை.

ஒன்று, நாள் ஒன்றுக்கு ஒருமுறை ஓடும் செக். எஸ்எஸ்எல் சான்றிதழ், ரெய்டு நிலை போன்றவை. யூஸ்_ரீடெய்ன்ட்_ஷெட்யூலிங்_இன்ஃபோ=1 என்று இருந்தால் அடுத்து எப்போது பார்ப்பது என்ற நேரமும் சேமித்தபடியே வரும். அதாவது நாளைக் காலை வரை பழைய பச்சைதான். பூட் முடிந்து பத்து நிமிடம் கழித்து, ஷெட்யூல்_ஃபோர்ஸ்டு_ஹோஸ்ட்_எஸ்விசி_செக்ஸ் என்ற கட்டளையை ஒவ்வொரு ஹோஸ்ட்டுக்கும் அனுப்பு. 22 ஹோஸ்ட்டையும் ஒரே விநாடியில் அனுப்பாமல் இடையில் 15 விநாடி விடு.

இரண்டு, பாசிவ் செக். பேக்கப் முடிந்ததும் தானாக வந்து "முடிந்தது" என்று சொல்லும் வகை. பேக்கப் ஓடவே இல்லையென்றால் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், நேற்றைய பச்சை நிற்கும். செக்_ஃப்ரெஷ்னஸ்=1, ஃப்ரெஷ்னஸ்_த்ரெஷோல்டு=93600 என்று வை. 26 மணி நேரம், நாள் ஒன்றுக்கு மேல் இரண்டு மணி நேரம் சலுகை. செக் கட்டளையாக செக்_டம்மி 2 (எப்போதும் சிவப்பு என்றே பதில் சொல்வது) கொடு. நேரம் தாண்டினால் நாகியோஸ் அதை ஓட்டும், சிவப்பாகும்.

புதுவயல் | 18 ஜூன், இரவு 9.00

இங்கே புரோமிதியஸும் (எண்களைச் சேகரித்து விதிப்படி அலர்ட் எழுப்புவது) அலர்ட்மேனேஜரும் (அதை மெசேஜாக அனுப்புவது). மில்லில் பெரிய மோட்டார் ஏறும்போது வோல்டேஜ் விழுந்து மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. அதற்கும் இதே கதையா?

காரைக்குடி | 19 ஜூன், காலை 6.45

கதை வேறு அண்ணே. அங்கே நிலை இரண்டு வீட்டில் பிரிந்து கிடக்கிறது.

புரோமிதியஸ் ஒரு அலர்ட் எப்போது தொடங்கியது என்பதை அலர்ட்ஸ்_ஃபார்_ஸ்டேட் என்ற பெயரில் ஒரு டைம் சீரிஸாகவே (நேரவாரி எண் வரிசை) எழுதிவைக்கிறது. 2018இல் வந்த 2.4 பதிப்பிலிருந்து இது உண்டு. அதற்கு முன் ரீஸ்டார்ட் ஆனால் "ஃபார்: 1 மணி" (ஒரு மணி நேரம் நீடித்தால்தான் அலர்ட்) என்ற விதி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். இப்போது எழுந்ததும், விதிகளை இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, பழைய தொடக்க நேரத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு முறை மட்டும் ஓட்டினால் ஸ்கிரேப் (சேகரிக்கும் எண்கள்) எல்லாம் வந்து சேர்ந்திருக்காது, அதனால் இரண்டு.

இதற்கு இரண்டு எல்லை உண்டு. ஃபார்-அவுட்டேஜ்-டாலரன்ஸ், இயல்பு 1 மணி நேரம். அதற்கு மேல் புரோமிதியஸ் கீழே கிடந்திருந்தால் பழைய கணக்கை எடுக்காது. மின்தடை நீளமான ஊர் என்றால் இதை 10 மணி என்று வைக்கலாம். மற்றது ஃபார்-கிரேஸ்-பீரியட், மீண்ட அலர்ட் குறைந்தது காத்திருக்கும் நேரம், 10 நிமிடம்.

கீழே கிடந்த நேரம் "ஃபார்" கணக்கில் சேராது. 1 மணி விதியில் 30 நிமிடம் ஓடியிருக்கிறது, பிறகு 20 நிமிடம் மெஷின் இல்லை என்றால், எழுந்த பிறகு இன்னும் 30 நிமிடம் காத்திருக்கும். ஏற்கெனவே ஃபயரிங் (காத்திருப்பு முடிந்து அலர்ட் எழுந்த நிலை) ஆகியிருந்தது ஃபயரிங்காகவே தொடரும்.

எல்லா அலர்ட்டும் இப்படி மீண்டுவிடும், எனவே புரோமிதியஸ் பக்கம் கவலையில்லை.

காரைக்குடி | 19 ஜூன், மதியம் 1.20

காலைக் குறிப்பின் கடைசி வரி தவறு. திருத்துகிறேன்.

கிரேஸ் பீரியடைவிடச் சிறிய "ஃபார்" வைத்த விதிகளை அது மீட்பதே இல்லை. "ஃபார்: 5 நிமிடம்" என்று எழுதிய எல்லாமே ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு முதலிலிருந்து ஐந்து நிமிடம் எண்ணும். நம்மில் பெரும்பாலோர் எழுதுவது 2 நிமிடமும் 5 நிமிடமும்தான். ஆகவே நடைமுறையில் உங்கள் விதிகளில் பலவும் மீளாது. இது வேண்டுமென்றே செய்தது. 5 நிமிட விதியை மீட்டு, அதன்மேல் 10 நிமிடக் கிரேஸ் போட்டால் இன்னும் தாமதமாகும் என்பது காரணம். நியாயம்தான். ஆனால் அதன் விளைவு அலர்ட்மேனேஜரில் போய்த் தைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 1 மணி விதியில் 55 நிமிடம் ஓடியிருந்தால் மீதி 5 இல்லை, 10 நிமிடம் காத்திருக்கும். மீதி கிரேஸைவிடக் குறைவாக இருந்தால் கிரேஸ் அளவுக்கு நீட்டிக்கும்.

காரைக்குடி | 19 ஜூன், இரவு 10.05

இப்போது அலர்ட்மேனேஜர். இங்கேதான் பலரும் குழம்புவது.

அலர்ட்டுகள் அதன் நினைவில் மட்டுமே இருக்கின்றன. டிஸ்க்கில் எழுதுவது இரண்டுதான்: சைலன்ஸ்கள் (மெசேஜை நிறுத்திவைக்க நாம் போடுபவை), எந்தக் குழுவுக்கு எப்போது மெசேஜ் போனது என்ற நோட்டிஃபிகேஷன் பதிவேடு. டேட்டா டைரக்டரியில் "சைலன்சஸ்", "என்எஃப்லாக்" என்ற பெயர்களில் இருக்கும். ஒழுங்காக நின்றால் நிற்கும்போது எழுதும், இல்லாவிட்டால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை. கரண்ட் போனால் கடைசி 15 நிமிடத்துக்குள் போட்ட சைலன்ஸ் போயிற்று. டேட்டா.மெயின்டெனன்ஸ்-இன்டர்வல் என்பதை 1 நிமிடமாக்குங்கள், கோப்பு சிறியது.

பதிவேடு தொலைந்தால் என்ன ஆகும்? ஃபயரிங்கில் இருக்கும் எல்லாமே புதியது என்று நினைத்து மறுபடி அனுப்பும். பதிவேடு பத்திரமாக இருந்தால் ரிப்பீட்_இன்டர்வல், இயல்பாக 4 மணி, கடக்கும் வரை பேசாமலிருக்கும். அதனால் அந்த டைரக்டரி நிலையான டிஸ்க்கில் இருக்க வேண்டும். டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் முறை) ஓட்டுகிறவர்கள் பெயர் வைத்த வால்யூம் (தரவு வைக்கும் இடம்) போடுங்கள். பெயரில்லாத வால்யூமாக விட்டால், கம்போஸ் டவுன் கொடுத்து அப் கொடுத்ததும் வெறும் புதிய வால்யூம் வந்து உட்காரும். பழையது எங்கோ அநாதையாகக் கிடக்கும்.

அடுத்தது பொய்யான "தீர்ந்தது" மெசேஜ். புரோமிதியஸ் அலர்ட்டை அனுப்பும்போது ஒரு காலாவதி நேரமும் சேர்த்து அனுப்புகிறது. விதி ஓட்டும் இடைவெளி, ரீசெண்ட் டிலே (மறுபடி அனுப்பும் இடைவெளி) இரண்டில் எது பெரியதோ அதன் நான்கு மடங்கு. இயல்பு அமைப்பில் இரண்டும் 1 நிமிடம், ஆக 4 நிமிடம். புரோமிதியஸ் 4 நிமிடத்துக்கு மேல் வராவிட்டால் அலர்ட்மேனேஜர் அந்த அலர்ட் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு "ரிசால்வ்டு" அனுப்பிவிடும். டிஸ்க் இன்னும் 97 சதவீதத்தில்தான் நிற்கிறது! பிறகு புரோமிதியஸ் எழுந்து, 5 நிமிட விதி முதலிலிருந்து எண்ணி, மறுபடி ஃபயரிங். இரண்டும் ஒரே மெஷினில் இருந்தால் சேர்ந்தே விழும், இது நேராது. புரோமிதியஸ் மட்டும் தனியாக ரீஸ்டார்ட் ஆகும் இடங்களில் நேரும். ரிசால்வ்_டைம்அவுட் 5 நிமிடம் என்று இருக்கிறதே, அதைக் கூட்டினால் சரியாகுமா என்று கேட்பார்கள். ஆகாது. காலாவதி நேரம் இல்லாமல் வரும் அலர்ட்டுக்குத்தான் அது. புரோமிதியஸ் எப்போதும் நேரத்தோடுதான் அனுப்புகிறது.

ஹார்ட் டிஸ்க் வைத்த பழைய மெஷினில் புரோமிதியஸ் எழும்போது வால் (டபிள்யூஏஎல், அண்மை எண்களைக் குறித்துவைக்கும்) கோப்புகளைத் திரும்பப் படிக்கவே பல நிமிடம் எடுக்கலாம். அந்த நேரமும் இந்த 4 நிமிடத்தில் சேர்ந்துவிடும். ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

புதுவயல் | 20 ஜூன், காலை 8.30

ரீசெண்ட் டிலேயை 5 நிமிடம் ஆக்கினால் காலாவதி 20 நிமிடம் ஆகிவிடுமே?

காரைக்குடி | 20 ஜூன், காலை 8.55

ஆகும், பொய் ரிசால்வ்டும் குறையும். விலை என்னவென்றால், அலர்ட்மேனேஜர் ரீஸ்டார்ட் ஆனால் அதன் நினைவு காலி. புரோமிதியஸ் மறுபடி அனுப்பும் வரை, அதாவது 5 நிமிடம் வரை, பக்கம் வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்து "எல்லாம் சரியாகிவிட்டது" என்று யாரும் நினைக்கக் கூடாது. உண்மையாகத் தீர்ந்தது உடனேயே போய்ச் சேரும், அதில் தாமதமில்லை. நான் 3 நிமிடம் என்று வைக்கச் சொல்வேன், காலாவதி 12 நிமிடம் வரும்.

மறுபக்கமும் ஒன்று: தீர்ந்த அலர்ட்டை புரோமிதியஸ் 15 நிமிடம் நினைவில் வைத்து அனுப்பிக்கொண்டிருக்கும், பிறகு மறந்துவிடும். அலர்ட்மேனேஜர் 15 நிமிடத்துக்கு மேல் இல்லாமலிருந்து, அந்த நேரத்தில் ஒன்று தீர்ந்திருந்தால் "ரிசால்வ்டு" வராமலே போகும்.

காரைக்குடி | 20 ஜூன், இரவு 9.15

டாக்கர் என்றதும் நினைவு வந்தது. டாக்கர் ஸ்டாப் கொடுத்தால் 10 விநாடிதான் பொறுக்கும், பிறகு கொன்றுவிடும். சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்துவது) 90 விநாடி பொறுக்கும். நிறுத்தும்போது நிலையை எழுத வேண்டிய எந்த மென்பொருளுக்கும் 10 விநாடி போதும் என்று நம்ப வேண்டாம். கம்போஸ் கோப்பில் ஸ்டாப்_கிரேஸ்_பீரியட் 2 நிமிடம் என்று எழுதுங்கள். ஒழுங்காக நிறுத்தினேன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அது ஒவ்வொரு முறையும் கரண்ட் போன மாதிரியே விழுந்துகொண்டிருக்கும்.

தேவகோட்டை | 24 ஜூன், இரவு 7.45

மற்றவை எப்படி அண்ணே? சாபிக்ஸுக்கு (இன்னொரு மானிட்டர் மென்பொருள்) மாறலாமா என்று பேச்சு.

காரைக்குடி | 24 ஜூன், இரவு 9.30

சாபிக்ஸில் பிராப்ளம், அக், எஸ்கலேஷன் எந்தப் படியில் நிற்கிறது என்பது எல்லாமே டேட்டாபேஸில். ஆகவே ரீஸ்டார்ட் பயம் குறைவு, ஆனால் டேட்டாபேஸ் பயம் வந்து சேரும். மைஎஸ்கியூஎல்லில் இன்னோடிபி_ஃப்ளஷ்_லாக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட் 1 என்று இருக்கட்டும். வேகத்துக்காக 2 என்று வைத்தால் கரண்ட் போகும்போது கடைசி ஒரு விநாடிப் பதிவு போகலாம்.

ஐசிங்கா 2 தன் நிலையை ஐசிங்கா2.ஸ்டேட் கோப்பில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் நிற்கும்போதும் எழுதுகிறது. டவுன்டைமும் கமென்ட்டும் தனிக் கோப்புகளாக அப்போதைக்கப்போதே எழுதப்படும், அது நல்ல அமைப்பு.

மோனிட்டில் ஆன்ரீபூட் என்று ஒன்று உண்டு. லாஸ்ட்ஸ்டேட் என்று வைத்தால், நீ அன்மானிட்டர் செய்து வைத்த சர்வீஸ் பூட்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கும். ஸ்டேட் கோப்பு ராம் டிஸ்க்கில் இல்லாமல் பார்த்துக்கொள்.

இதற்காக மட்டும் மாறாதே. உன் நாகியோஸ் இப்போது சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறது. மீதி இருப்பது கரண்ட்டும் கடிகாரமும்.

காரைக்குடி | 26 ஜூன், காலை 6.20

கடிகாரம். ராஸ்பெரி பையில் (சிறிய ஒற்றை போர்டு கம்ப்யூட்டர்) மானிட்டர் ஓட்டுகிறவர்கள் கவனிக்க: பை 4 வரை போர்டில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. பை 5இல் கடிகாரம் உண்டு, பேட்டரியை நாம்தான் வாங்கிச் செருக வேண்டும். கடிகாரம் இல்லாத மெஷின் கரண்ட் வந்து எழும்போது கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து தொடங்கும். ரூட்டர் எழுந்து, இணையம் வந்து, நேரம் சரியாகும் வரை அது கடந்த காலத்தில் இருக்கிறது.

அந்த இடைவெளியில் மானிட்டர் தொடங்கினால், "எப்போதிலிருந்து" என்ற கணக்கு முழுவதும் கெடும். புரோமிதியஸ் பழைய நேரத்தில் வரும் எண்களைத் தள்ளிவிடும். நாகியோஸ் நேரம் தாவியதைக் கண்டுபிடித்து ஈடுசெய்யப் பார்க்கும், இயல்பு எல்லை 900 விநாடி. ஆனாலும் அதை நம்பிக் காலத்தைக் கடத்த வேண்டாம். சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க் சர்வீஸை இயக்கிவிட்டு, மானிட்டரின் யூனிட்டில் ஆஃப்டர்=டைம்-சிங்க்.டார்கெட் என்று ஒரு வரி சேருங்கள். இணையமே வராத நாளில் மானிட்டர் காத்துக்கொண்டே கிடக்கும் என்பதால், டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றை வாங்கிப் பொருத்துவது இன்னும் நல்லது. விலை சில நூறு ரூபாய்க்குள்தான்.

தேவகோட்டை | 27 ஜூன், இரவு 8.10

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இருக்காது. 150 ஏஎச் பேட்டரி ஒன்று. தாங்குமா? இன்வெர்ட்டரில் யூஎஸ்பி எதுவும் இல்லை.

காரைக்குடி | 27 ஜூன், இரவு 9.50

12 வோல்ட், 150 ஏஎச் என்றால் 1800 வாட்-மணி. பேட்டரியை முழுதாக வறட்டக் கூடாது, இன்வெர்ட்டரிலும் இழப்பு உண்டு. இரண்டுக்கும் 0.8, 0.8 போட்டால் சுமார் 1150 வாட்-மணிதான் கைக்கு வரும். உன் சுமை 250 வாட் என்றால் நாலரை மணி நேரம். பேட்டரி பழையது என்றால் இன்னும் குறையும். 8 மணி நேரம் ஓட வேண்டுமானால் 140 வாட்டுக்குள் இருக்க வேண்டும். மானிட்டர், ரூட்டர், ஃபைபர் மோடம் மூன்றை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் வை, பிரிண்டரை எடு.

இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ் / நார்மல் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். யூபிஎஸ் பக்கம் தள்ளு. நார்மலில் மாறும் நேரம் அதிகம், ஃபேனுக்குப் பரவாயில்லை, கம்ப்யூட்டர் அதற்குள் செத்துவிடும். புதுவயல் அண்ணனும் இதைப் பார்க்க வேண்டும்.

யூஎஸ்பி இல்லாத இன்வெர்ட்டரில் கரண்ட் போனதை எப்படி அறிவது? பழைய ரூட்டர் ஒன்றை இன்வெர்ட்டர் இல்லாத நேர் லைனில் செருகி அதை பிங் செய். பதில் இல்லையென்றால் கரண்ட் இல்லை. கேபிளில் இணை. நாட்டுக்கோட்டை வீட்டில் ஆபீஸ் வைத்திருப்பவர்கள் வைஃபையில் செய்ய வேண்டாம். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்கு அந்தச் சுவரைத் தாண்டி சிக்னல் போகாது, சிக்னல் விட்டதெல்லாம் மின்தடையாகக் கணக்காகும்.

கரண்ட் போய் 3 மணி நேரம் ஆனதும் மெஷினை ஒழுங்காக அணைக்க ஸ்கிரிப்ட் போடு. பயாஸில் "கரண்ட் வந்தால் ஆன் ஆகு" என்பதையும் வை.

காரைக்குடி | 28 ஜூன், காலை 5.55

நேற்றைய கடைசிப் பத்தியை அப்படியே செய்யாதே. அதில் ஒரு பொறி இருக்கிறது.

மெஷினை அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் மின்சாரம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். பேட்டரி தீரும் முன்பே கரண்ட் வந்துவிட்டால், மெஷினின் பார்வையில் கரண்ட் போகவே இல்லை. ஆகவே "வந்தால் ஆன் ஆகு" என்பது வேலை செய்யாது. மானிட்டர் அணைந்தே கிடக்கும், யாராவது போய்ப் பட்டனை அழுத்தும் வரை.

அதனால் மெஷினை அணைக்காதே. நாகியோஸை மட்டும் நிறுத்து, நிலை எழுதப்பட்டுவிடும். ஒரு சிங்க் (நினைவில் உள்ளதை டிஸ்க்கில் எழுதவைக்கும் கட்டளை) கொடு. மெஷின் சும்மா ஓடட்டும். பேட்டரி தீர்ந்து விழுந்தால், கரண்ட் வந்ததும் பயாஸ் எழுப்பும். தீரும் முன் கரண்ட் வந்தால், அந்தப் பழைய ரூட்டர் பதில் சொல்லும், ஸ்கிரிப்ட் நாகியோஸைத் தொடங்கும். இரண்டு வழியும் அடைபடாது.

தொடங்கும்போது ரூட்டர் பதில் சொன்ன பிறகு 3 நிமிடம் பொறு. ஃபைபர் மோடமும் ஸ்விட்ச்சும் எழ நேரம் வேண்டும். ஹோஸ்ட் வரையறையில் பேரண்ட்ஸ் வரியில் ரூட்டரைப் போட்டிருந்தால், ரூட்டர் கீழே இருக்கும்போது பின்னால் இருப்பவை "அன்ரீச்சபிள்" ஆகும், "டவுன்" ஆகாது. 22 மெசேஜுக்குப் பதில் ஒன்று. டெலிகிராம் ஒரு குழுவுக்கு ஒரு பாட் கணக்கிலிருந்து (தானாக மெசேஜ் அனுப்பும் கணக்கு) நிமிடத்துக்கு 20 மெசேஜுக்கு மேல் ஏற்காது, 429 என்று திருப்பிவிடும். ஸ்கிரிப்ட் அந்தப் பிழையைக் கவனிக்காமல் விட்டால், வெள்ளத்தில் நிஜமான அலர்ட்தான் அடித்துப்போகும்.

புதுவயல் | 30 ஜூன், இரவு 9.40

ஸ்விட்ச் மாற்றியதும் மோட்டார் ஏறும்போது விழுவது நின்றுவிட்டது. இன்னொரு கேள்வி, சொந்தமாக எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றும் இருக்கிறது. நிலையை டிஎம்பி டைரக்டரியில் ஒரு கோப்பில் வைக்கிறது.

காரைக்குடி | 30 ஜூன், இரவு 10.30

டிஎம்பி வேண்டாம், ரன்னும் வேண்டாம், பூட்டில் காலியாகும் இடங்கள். வார்-லிப் அடியில் ஒரு டைரக்டரி வையுங்கள்.

அதே கோப்பின் மேல் நேராக எழுதாதீர்கள். எழுதும் நடுவில் கரண்ட் போனால் பூஜ்ய பைட் கோப்புதான் மிஞ்சும். அதே டைரக்டரியில் தற்காலிகக் கோப்பில் எழுதி, அந்தக் கோப்புக்கு சிங்க் கொடுத்து, பிறகு எம்வி (பெயரை மாற்றும் கட்டளை). வேறு டிஸ்க்கிலிருந்து எம்வி செய்தால் அது நகல்தான், பாதியில் அறுபடும்.

எழுத வேண்டியவை: நிலை, தொடங்கிய நேரம், கடைசியாக மெசேஜ் போன நேரம், பூட் ஐடி. பூட் ஐடி ப்ராக்-சிஸ்-கெர்னல்-ரேண்டம் அடியில் கிடைக்கும், ஒவ்வொரு பூட்டுக்கும் மாறும். கோப்பில் உள்ளதும் இப்போதுள்ளதும் வேறு என்றால் இடையில் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது என்று பொருள். அப்போது முதல் செக் முடியும் வரை பழைய நிலையை "சரிபார்க்காதது" என்று காட்டுங்கள். கோப்பு இல்லையென்றாலோ காலி என்றாலோ பச்சை என்று எடுக்கக் கூடாது, "தெரியாது" என்று எடுக்க வேண்டும்.

மெசேஜ் அனுப்பிவிட்டு நிலையை எழுதுவதா, எழுதிவிட்டு அனுப்புவதா? அனுப்பிவிட்டு எழுதுங்கள். நடுவில் விழுந்தால் இரண்டு முறை வரும், வராமல் போகாது.

காரைக்குடி | 1 ஜூலை, மாலை 6.00

சோதிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண ரீபூட் கொடுத்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், அதில் எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதப்படும். ஒரு சர்வீஸை வேண்டுமென்றே சிவப்பாக்குங்கள், அக் போடுங்கள், இன்னொன்றுக்கு டவுன்டைம், மூன்றாவதை "ஃபார்" கணக்குப் பாதியில் இருக்கும்போதே விடுங்கள். ஆறு நிமிடம் பொறுத்து சிஸ்ஆர்கியூ (லினக்ஸ் கெர்னலுக்கு நேராகக் கட்டளை தரும் வழி) வழியாக "பி" அனுப்புங்கள். சிங்க் இல்லாமல் அந்த நொடியே ரீபூட் ஆகும், கரண்ட் போனதற்கு மிக அருகில். முன்னதாக முக்கியக் கோப்புகளை வேறு மெஷினுக்கு நகலெடுத்துவிடுங்கள். எழுந்ததும் நான்கு கேள்வி: சிவப்பு சிவப்பாக இருக்கிறதா, அக் இருக்கிறதா, "எப்போதிலிருந்து" பழைய நேரம் காட்டுகிறதா, மெசேஜ் எத்தனை வந்தது.

தேவகோட்டை | 9 ஜூலை, இரவு 8.20

இன்று பராமரிப்பு மின்தடை. 9.05க்குப் போனது, 12.05க்கு ஸ்கிரிப்ட் நாகியோஸை நிறுத்தியது, 4.50க்குக் கரண்ட் வந்தது. மொத்தம் இரண்டு மெசேஜ். ஒன்று, எழாமல் போன ஒரு கேமரா ரெக்கார்டர், உண்மை. மற்றது கரண்ட் போகும் முன்பே, அதிகாலையில் வந்த பேக்கப் சிவப்பு. ஆனால் பேக்கப் நேற்று இரவு ஒழுங்காக ஓடியிருக்கிறது அண்ணே, லாக் பார்த்தேன்.

காரைக்குடி | 9 ஜூலை, இரவு 9.05

நேற்று எத்தனை மணிக்கு முடிந்தது, எத்தனை மணிக்கு நாகியோஸுக்குச் சொன்னது, இரண்டையும் பார். முடிவைச் சொல்லும் கட்டளையை முதல் தடவையிலேயே நாகியோஸ் வாங்கிக்கொண்டதா என்று லாகில் "பாசிவ்" என்று தேடு. பதிவு இல்லையென்றால் அனுப்பியது வழியிலேயே போயிருக்கிறது. மின்தடைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தேவகோட்டை | 9 ஜூலை, இரவு 9.50

பதிவு இல்லை. 7ஆம் தேதியோடு நிற்கிறது. பேக்கப் மெஷினில் பாஸ்வேர்டு மாற்றியபோது அனுப்பும் ஸ்கிரிப்ட்டில் மாற்றவில்லை.

காரைக்குடி | 9 ஜூலை, இரவு 10.00

மாற்றிவிட்டு ஒரு பேக்கப்பைக் கையால் ஓட்டிப் பார். பச்சையானதும் ரிடென்ஷன்.டாட்டின் நேரத்தையும் ஒருமுறை பார்த்துவிடு.